கூட்டம் இருக்கிறது, பேச்சு இல்லை: எம்எம்ஓ விளையாட்டுகளில் என்ன நடந்தது?

சில ஆண்டுகள் இடைவெளி விட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் ஓர் எம்எம்ஓ இணைய விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: இத்தனை பேர் இருந்தும் ஏன் யாருமே பேசுவதில்லை? நகரச் சதுக்கத்தில் நூறு பாத்திரங்கள் குதித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. ஒரு பட்டனை அழுத்தினால் நான்கு பேர் துணைக்கு வந்துவிடுகிறார்கள். இருபது நிமிடத்தில் குகையை முடித்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு அவரவர் வழியில் மறைந்துவிடுகிறார்கள். வரும்போது ஒரு வணக்கம் கிடையாது, போகும்போது ஒரு நன்றி கிடையாது.

"இந்தத் தலைமுறைக்குப் பேசவே பிடிக்காது" என்பது இதற்குச் சட்டென்று கிடைக்கும் பதில். அது பாதி பதில்கூட ஆகாது. அதே ஆட்டக்காரர்கள் இன்னொரு செயலியில் விடிய விடியப் பேசுகிறார்கள். விளையாட்டுக்குள் பேச்சு குறைந்ததற்கான காரணத்தில் பெரும்பங்கு விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. அதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் அதற்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது என்பதுதான்.

முதலில் சில சொற்கள்

எம்எம்ஓஆர்பிஜி, சுருக்கமாக எம்எம்ஓ, என்றால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில், ஒரே கற்பனை உலகத்தில், ஆளுக்கொரு பாத்திரமாக விளையாடும் இணைய விளையாட்டு. நீங்கள் வெளியேறிய பிறகும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். இதன் மூதாதை 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்ற எழுத்துவழி விளையாட்டு. படங்களே இல்லாத அந்த உலகத்தில் எல்லாமே தட்டச்சு செய்யும் சொற்களால்தான் நடந்தது. அதனால் பேச்சும் விளையாட்டும் தனித்தனியாக இருக்கவில்லை.

இனி வரும் பகுதிகளுக்குத் தேவையானவை:

1. சர்வர்: ஒரே விளையாட்டின் தனித்தனிப் பிரதிகள். பழைய நாளில் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைச் சந்திக்கவே முடியாது. ஒவ்வொன்றும் தனி ஊர் மாதிரி.
2. டஞ்சன், ரெய்டு: சிறு குழு சேர்ந்து முடிக்க வேண்டிய குகை டஞ்சன். பத்து, இருபது, நாற்பது பேர் சேர்ந்து செய்வது ரெய்டு.
3. டேங்க், ஹீலர், டிபிஎஸ்: அடி வாங்குபவர், காயம் ஆற்றுபவர், அடிப்பவர். குழுவில் மூவகையினரும் வேண்டும். முதல் இரண்டு வகைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை.
4. கில்டு: ஆட்டக்காரர்கள் தாங்களே அமைத்துக்கொள்ளும் நிரந்தரச் சங்கம்.

பேச்சு எங்கிருந்து வந்தது

1999 மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்ட் என்ற எம்எம்ஓவை எடுத்துக்கொள்வோம். பழைய எம்எம்ஓக்கள் எப்படி மனிதர்களை ஒட்டவைத்தன என்பதற்கு அதைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது கடினம். நான்கு விஷயங்கள் அதில் சேர்ந்து வேலை செய்தன.

1. தேவை. ஆரம்ப லெவல்களைத் தாண்டிய பிறகு பெரும்பாலான வகுப்புகளால் (அதாவது பாத்திர வகைகளால்) தனியாகப் பிழைப்பது கடினம். செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போகும், லெவலே இறங்கவும் கூடும். அணிந்திருந்த ஆயுதமும் கவசமும் செத்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு போய் அதை மீட்க வேண்டும். கிளெரிக் ஒருவர் உயிர்ப்பித்தால் இழந்த புள்ளிகளில் பெரும்பகுதி திரும்பி வரும். நெக்ரோமான்சரால் பிணத்தைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துக் கொடுக்க முடியும். தொலைதூரம் போக வேண்டுமா, மந்திரத்தால் ஆளை இடம் மாற்றும் டுருயிட் அல்லது விசார்டைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்.

2. காத்திருப்பு. மந்திரம் போடும் வகுப்புகளுக்குச் சக்தி தீர்ந்துவிட்டால் உட்கார்ந்து தியானம் செய்துதான் நிரப்ப வேண்டும். தொடக்க காலத்தில் தியானத்தின்போது மந்திரப் புத்தகம் திரையையே மறைத்து நிற்கும், வேறெதையும் பார்க்க முடியாது. சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே இப்படி நிமிடக்கணக்கில் சும்மா இருந்தால் வேறென்ன செய்வது, பேச வேண்டியதுதான்.

3. இடம். டஞ்சன்கள் எல்லோருக்கும் பொது. நல்ல பொருள் தரும் அரக்கன் தோன்றும் மூலையை ஒரு குழு பிடித்து வைத்திருந்தால் அடுத்த குழு வரிசையில் நிற்கும். யார் முதலில், யார் அடுத்தது என்று ஆட்டக்காரர்களே விதி வகுத்துக்கொண்டார்கள். வாங்க விற்க ஏலக்கடை இல்லாததால், பல சர்வர்களில் ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு சுரங்கப்பாதை தானாகவே சந்தையாக மாறியது. நேரில் நின்று கூவி விற்றார்கள், பேரம் பேசினார்கள்.

4. பெயர். சர்வர் சிறியது, பெயரைச் சுலபமாக மாற்ற முடியாது. குழுவின் பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவருக்கு அடுத்த வாரம் யாரும் இடம் தரமாட்டார்கள். நல்ல ஹீலரின் பெயரும் அதே வேகத்தில் பரவும்.

இவற்றில் எதையும் நட்பு வளர்க்கும் வசதி என்று அட்டையில் அச்சடித்து விற்கவில்லை. பாதிக்கு மேல் வெறும் தொல்லைகள். ஆனால் உதவி கேட்க வேண்டிய நிலை, பேசுவதற்கு ஓய்வு, மறுபடி சந்திக்கும் வாய்ப்பு, நடத்தைக்கு விலை ஆகிய எல்லாம் அந்தத் தொல்லைகளுக்குள்தான் இருந்தன.

2003-ல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் இதைத் திட்டமிட்டே செய்து பார்த்தது. சண்டையில் சேரும் மனச்சோர்வை மருந்து தீர்க்காது. ஊர் மதுக்கூடத்துக்குப் போய், நடனக்காரர் அல்லது இசைக்கலைஞர் பாத்திரம் ஏற்றிருக்கும் இன்னொரு ஆட்டக்காரரின் நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்த்தால்தான் தீரும். அழகான யோசனைதான். ஆனால் நடனக்காரர்களில் பலர் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொடர்) எழுதிப் பாத்திரத்தைத் தானாக ஆடவிட்டுவிட்டு எழுந்து போனார்கள். கட்டாயப்படுத்திய சந்திப்பை இயந்திரத்திடம் ஒப்படைக்க மனிதர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பின்னால் வரும் கதையின் பாதி இதிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு செங்கல்லாக

எல்லாப் பழியையும் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டின் மேல் போடுவது வழக்கம். உண்மையில் எவர்குவெஸ்ட்டே முன்னால் தொடங்கிவிட்டது. 2001 டிசம்பரில் வெளியான எக்ஸ்பான்ஷனோடு (விளையாட்டின் கூடுதல் பகுதியோடு) பஜார் என்ற விற்பனை மண்டலம் வந்தது. அதில் பாத்திரத்தைக் கடைக்காரராக நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். சுரங்கப்பாதைச் சந்தை காலியானது. 2002-ல் வந்த இன்னொரு எக்ஸ்பான்ஷன், உலகத்தின் பல மூலைகளுக்கும் நொடியில் கொண்டுசேர்க்கும் மையம் ஒன்றைத் திறந்தது. டுருயிடிடமும் விசார்டிடமும் கேட்டுப் போக வேண்டிய தேவை பெருமளவு முடிந்தது. 2008-ல் கூலிக்குக் கிடைக்கும் கணினித் துணைவர்களும் வந்துவிட்டார்கள்.

சரி, வார்கிராஃப்ட் என்ன செய்தது? 2004 நவம்பரில் வந்தபோதே அதில் உச்ச லெவல் வரை தனியாகவே போகலாம். செத்தால் அனுபவப் புள்ளி போகாது. டஞ்சனுக்குள் நுழையும் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பிரதி கிடைக்கும் என்பதால், வரிசையும் சண்டையும் போயின. அவற்றோடு அடுத்த குழுவைச் சந்திக்கும் வாய்ப்பும் போனது. 2010 அக்டோபரில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 1.2 கோடியை எட்டியது. எவர்குவெஸ்ட் தன் உச்சத்தில் சில லட்சங்களில் நின்ற விளையாட்டு. தொல்லையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்று துறை கற்றுக்கொண்டது இங்கேதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அந்தக் காலத்தில் எல்லோரும் கூடிக் குலாவினோம்" என்ற ஏக்கம் அப்படியே உண்மையில்லை. நிக்கோலா டுஷ்னோ, நிக் யீ ஆகியோர் அடங்கிய குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு, வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் அப்போதே பெரும்பாலான நேரத்தைத் தனியாகத்தான் கழித்தார்கள் என்று காட்டியது. மற்றவர்கள் பேசுவதற்கான துணையாக இருந்ததைவிட, பார்வையாளர்களாகவும் வேடிக்கையாகவும் பின்னணி இரைச்சலாகவுமே அதிகம் இருந்தார்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ஆனால் பேச வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்ற விருப்பம் நேற்று முளைத்ததல்ல.

வார்கிராஃப்ட்டில் அப்புறம் நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம்:

1. 2006: வெவ்வேறு சர்வர்க்காரர்கள் ஒரே போர்க்களத்தில் மோதும் வசதி.
2. 2009 டிசம்பர்: டஞ்சன் ஃபைண்டர். வரிசையில் சேர்ந்தால் பல சர்வர்களிலிருந்து ஆள் பொறுக்கிக் குழு அமைத்து, நேராக டஞ்சனுக்குள் கொண்டுபோய் விடும்.
3. 2011 நவம்பர்: ரெய்டுக்கும் அதே ஏற்பாடு.
4. 2012: வெட்டவெளியில் நடமாடும்போதுகூட வேறு சர்வர்க்காரர்கள் கலந்து தெரியும் மண்டலங்கள்.

இரண்டாவதுதான் திருப்புமுனை. அதற்கு முன்பு டஞ்சன் போக, நகரச் சாட்டில் "ஹீலர் வேண்டும்" என்று அரைமணி நேரம் கூவ வேண்டும். கிடைத்தவர்களோடு வாசல் வரை போக வேண்டும். அந்த அரைமணியில் பேச்சு நடந்துவிடும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த குழுவைச் சின்னக் கோபத்துக்குக் கலைக்கவும் மாட்டார்கள்.

மறுபடி பார்ப்போமா என்பதே கேள்வி

டஞ்சன் ஃபைண்டர் பேசக் கூடாது என்று யாரையும் தடுக்கவில்லை. பிறகு ஏன் பேச்சு நின்றது?

அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட் 1980-ஐ ஒட்டி நடத்திய கணினிப் போட்டிகளிலிருந்து எடுத்த முடிவு இங்கே பொருந்தும். தன்னலம் பார்க்கும் இருவர் ஒத்துழைப்பது நிலைக்க வேண்டுமானால், அவர்கள் மறுபடி மறுபடி சந்திக்கும் வாய்ப்பு போதிய அளவு இருக்க வேண்டும். ஒரே ஒரு முறைதான் சந்திப்பு என்றால் ஏமாற்றுவதே லாபம்.

கற்பனையாக ஒரு கணக்கு போடுவோம். ஒரு சர்வரில் மாலை நேரத்தில் உங்கள் லெவலில் 200 பேர், அவர்களில் 20 பேர் டேங்க். நாளைக்கு அதே டேங்க் வர வாய்ப்பு இருபதில் ஒன்று. தினமும் ஒரு டஞ்சன் போனால் ஒரு மாதத்துக்குள் ஏற்கெனவே பார்த்த டேங்க் ஒருவரையாவது மறுபடி பார்ப்பது உறுதி. இப்போது ஐம்பது சர்வர்களை ஒன்றாகக் கலக்கவும். டேங்குகள் 1,000 பேர். நாளைக்கு அதே ஆள் வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இந்த மனிதரோடு நான்கு வார்த்தை பேசி வைப்பது ஒரு முதலீடு என்றால், அந்த முதலீட்டுக்கு வருமானமே இல்லாமல் போய்விட்டது. கெட்ட பெயரும் அப்படித்தான். இன்று பொருளைச் சுருட்டியவர் நாளை வேறு நான்கு அந்நியர்களுக்கு நடுவில் புதியவராக நிற்பார்.

ஊர் கண்காணித்த இடத்தில் விதி வந்து உட்கார்ந்தது. வாக்களித்து வெளியேற்றும் பட்டன், புகார்ப் படிவம், ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பொருள் கிடைக்கும் ஏற்பாடு. இவை சண்டையைக் குறைத்தன, அதை மறுக்க முடியாது. பொருளைப் பங்கிடுவதற்காகப் பேச வேண்டிய கடைசிக் காரணத்தையும் சேர்த்தே நீக்கின.

இதற்கு எதிரான சாட்சியையும் பார்த்துவிட வேண்டும். 2013-ல் மறுபிறவி எடுத்த ஃபைனல் ஃபேன்டசி 14-லும் பல சர்வர்களைக் கலந்து ஆள் சேர்க்கும் முறைதான். ஆனாலும் அதன் ஆட்டக்காரர்கள் ஒப்பீட்டளவில் பண்பானவர்கள் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. குழுவில் ஒருவர் அந்த டஞ்சனுக்குப் புதியவர் என்றால், விளையாட்டு அதை எல்லோருக்கும் அறிவித்து, முடித்த பிறகு அனைவருக்கும் கூடுதல் பரிசு தருகிறது. முடிவில் ஒருவருக்கு ஒரு பாராட்டுப் புள்ளி கொடுக்கலாம். ஆகவே, தானாக ஆள் சேர்ப்பது மட்டுமே குற்றவாளி என்று தீர்ப்பெழுத முடியாது. மறுசந்திப்பு இல்லாத இடத்திலும் மரியாதையை ஓரளவுக்குப் பரிசு கொடுத்து வாங்கிவிடலாம். நட்பைத்தான் அப்படி வாங்க முடிவதில்லை.

பேச்சு இடம் மாறியது

விளையாட்டுக்கு வெளியிலும் சில காரணங்கள் உண்டு. ஒரு குவெஸ்ட்டை (விளையாட்டு தரும் பணியை) எப்படி முடிப்பது என்று சாட்டில் கேட்டுத் தெரிந்துகொண்ட நாள் போய், விடை முழுவதும் வழிகாட்டித் தளங்களில் கிடைக்கிறது. ஆட்டத்தின் வேகமும் கூடிவிட்டது. தானாக அடித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்யலாம். நொடிக்கு நொடி குதித்துத் தப்ப வேண்டிய சண்டையில் கை ஓயாது. கன்சோலில் கேம்பேட் பிடித்து ஆடுபவருக்கு விசைப்பலகையே இல்லை.

குரல்வழிப் பேச்சின் விளைவு இவற்றைவிடப் பெரியது. டீம்ஸ்பீக், வென்ட்ரிலோ காலத்திலேயே கில்டுகள் குரலுக்கு மாறத் தொடங்கின. 2015-ல் டிஸ்கார்டு வந்ததும் அது எல்லோருக்கும் எளிதானது. ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் பொதுச் சாட்டில் நடக்கும் அரட்டையை வழிப்போக்கர் படிக்கலாம், சிரிக்கலாம், நடுவில் ஒரு வரி போட்டு நுழையலாம். அழைப்பு இல்லாமல் நுழைய முடியாத குரல் அறையில் நடப்பது வெளியே யாருக்கும் தெரியாது. பேச்சின் மொத்த அளவு ஒருவேளை குறையாமல்கூட இருக்கலாம். குறைந்தது அந்நியர் உள்ளே வரும் வாசல்.

இதைக் கேட்டது யார்?

ஆட்டக்காரர்களே. டஞ்சன் ஃபைண்டர் வந்தபோது பலர் கொண்டாடினார்கள். குழந்தையைத் தூங்கவைத்த பிறகு ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவர், இரவு வேலைக்காரர், ஆள் குறைந்த சர்வரில் சிக்கியவர் என்று இவர்களுக்கெல்லாம் பழைய முறையில் டஞ்சன் என்பது கேள்விப்பட்ட இடம் மட்டும்தான். பெண் என்று தெரிந்தால் தொந்தரவு செய்யும் சாட்டுக்கு வாய் திறக்காமல் இருப்பதே நிம்மதி என்று நினைத்தவர்களும் உண்டு. பழைய ஊர்களின் கதையை நமக்குச் சொல்பவர்கள் அந்த ஊரில் இடம் கிடைத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

தனிமை விருப்பத்தின் உச்சம் ரூன்ஸ்கேப் என்ற எம்எம்ஓவின் அயர்ன்மேன் முறை. மற்றவர்களோடு வியாபாரம் செய்யாமல் எல்லாவற்றையும் தானே சம்பாதிப்பேன் என்று சிலர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதம் அது. 2014-ல் நிறுவனமே அதை அதிகாரப்பூர்வமாக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் நிறைந்த உலகத்துக்குள் நுழைந்து, யாரிடமும் எதுவும் வாங்கமாட்டேன் என்பது முரணாகத் தோன்றலாம். தான் தனியாகச் சாதித்ததைப் பார்க்க ஆட்கள் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் கூட்டம்.

நிறுவனங்கள் இன்னும் ஓரடி போயின. ஃபைனல் ஃபேன்டசி 14-ல் 2019 முதல் கணினித் துணைவர்களோடு டஞ்சன் போகலாம். வார்கிராஃப்ட்டில் அதே வசதி 2024 தொடக்கத்தில் வந்தது. அதே ஆண்டு தனியாளாகவும் ஆடக்கூடிய டெல்வ்ஸ் என்ற குகைகளும் சேர்ந்தன. இதைக் கேட்டுப் பழைய ஆட்டக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வாய் திறக்காத நான்கு அந்நியர்களுக்குப் பதில் நான்கு பொம்மைகள் வந்தால் பெரிதாக எதை இழந்தோம்? பொம்மைகள் பாதியில் கோபித்துக்கொண்டு ஓடுவதாவது இல்லை.

விளைவுகள்

1. கில்டுக்கு ஆள் வரும் வழி அடைபட்டது. டஞ்சனில் நன்றாக ஆடியவரை "எங்கள் கில்டில் சேருகிறீர்களா" என்று கேட்பதுதான் பழைய வழி. இப்போது பெரும்பாலும் விளம்பரம் போட்டு, விண்ணப்பம் வாங்கி, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கிறார்கள். தீவிர ரெய்டு கில்டுகளுக்கு அது ஒத்துவருகிறது. சும்மா கூடிப் பேசும் நடுத்தரக் கில்டுகள்தான் அடிபட்டவை.

2. அறிமுகம் என்ற இடைநிலை தேய்ந்தது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே, நெருங்கிய நண்பர்களைவிட ஒட்டியும் ஒட்டாமலும் தெரிந்தவர்கள் வழியாகத்தான் புதிய வாய்ப்புகளும் தகவல்களும் அதிகம் வருகின்றன என்று காட்டினார். பெயர் தெரியும், பார்த்தால் தலையசைப்போம் என்ற அந்த வகை உறவு இன்றைய எம்எம்ஓவில் அரிது. டிஸ்கார்டு அறையில் இருக்கும் நண்பர், இல்லையென்றால் முற்றிலும் அந்நியர்.

3. புதியவர் தங்குவதில்லை. தெரிந்தவர் யாருமில்லாமல் உள்ளே வருபவர் கதையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார். புதிய பகுதி வந்தால் ஒரு மாதம் எட்டிப் பார்ப்பார். சந்தாவை நம்பும் விளையாட்டுக்கு இது நேரடி நட்டம்.

திரும்பக் கொண்டுவர முடியுமா?

2012-ல் வந்த கில்டு வார்ஸ் 2 ஒரு பாதை. யார் அடித்தாலும் எல்லோருக்கும் பங்கு, விழுந்தவரை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம். வழியில் தெரியாத நாலு பேர் சேர்ந்து ராட்சசனை அடிப்பதும், விழுந்தவரை ஓடிவந்து எழுப்புவதும் அங்கே இயல்பு. ஆனால் ஒரு சொல்லும் பேசாமலே இதெல்லாம் முடிந்துவிடும். ஒத்துழைப்பு சுலபமாக ஆக ஆக, பேச வேண்டிய அவசியம் குறைகிறது.

இன்னொரு எல்லை 2003 முதல் ஓடும் ஈவ் ஆன்லைன். முதன்மைச் சர்வர் ஒன்றுதான், பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அதற்குள்தான். விண்கப்பல் அழிந்தால் அழிந்ததுதான், துரோகத்துக்கு விதியில் இடம் உண்டு. ஆகவே நம்பிக்கையானவர் யார் என்று தெரிந்துகொள்வது வாழ்வா சாவா பிரச்சினை, கூட்டணிகள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மட்டும் உறவு அழிவதில்லை என்பதற்கு ஈவ் சாட்சி. அவ்வளவு கடுமையை எத்தனை பேர் தாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது முயற்சி, காலத்தையே பின்னோக்கித் திருப்புவது. 2019 ஆகஸ்ட்டில் வார்கிராஃப்ட் கிளாசிக் பழைய விதிகளோடு, டஞ்சன் ஃபைண்டர் இல்லாமல் வந்தது. முதல் சில வாரங்கள் சாட் நிரம்பி வழிந்தது. ஆனால் வந்தவர்கள் பதினைந்து ஆண்டு அனுபவத்தோடு வந்திருந்தார்கள். எந்தக் கவசம் எங்கே கிடைக்கும் என்பது மனப்பாடம். கொஞ்ச நாளில், காசு கொடுத்தால் தன் மந்திரக்காரரை வைத்து லெவல் ஏற்றித் தருகிறேன் என்ற விளம்பரங்கள் சாட்டை நிறைத்தன. விதிகளைத் திரும்பக் கொண்டுவரலாம், ஒன்றும் தெரியாமல் திண்டாடிய காலத்தைக் கொண்டுவர முடியாது. 2023-ல் அதிகாரப்பூர்வமாக வந்த, செத்தால் பாத்திரமே போய்விடும் ஹார்ட்கோர் சர்வர்களில் நிலைமை கொஞ்சம் மாறியது. உயிருக்கு விலை வந்ததும் ஆட்கள் ஒருவரையொருவர் எச்சரிக்கவும் கூடிச் செல்லவும் தொடங்கினார்கள்.

அதற்கு ஓராண்டு முன், 2022 செப்டம்பரில், பழைய எக்ஸ்பான்ஷன்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரும் கிளாசிக் வரிசை தன் மூன்றாம் கட்டத்துக்கு வந்திருந்தது. 2009-ல் டஞ்சன் ஃபைண்டர் முதலில் அறிமுகமானது அந்தக் கட்டத்தில்தான். இந்த முறை சமூக உறவைக் காப்பதற்காக அதை வேண்டுமென்றே விலக்கி வைப்பதாக நிறுவனம் அறிவித்தது. கூட்டம் உச்ச லெவலுக்கு நகர்ந்த பிறகு, கீழ் லெவலில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டஞ்சன் போக ஆள் கிடைப்பது பெரும்பாடானது. ஆள் வேண்டும் என்ற கூவலுக்குப் பதில் சொல்ல அந்த லெவலில் போதிய ஆள் இல்லை. 2023-ல் டஞ்சன் ஃபைண்டர் அதிலும் சேர்க்கப்பட்டது.